ஈ, டி சேர்த்தால் போதும்

"சுடா ஹபிஸ், தாரோ ஈ, டி."

முடிந்துபோன காரியமாக இருந்தால் வார்த்தையின் கடைசியில் ஈ, டி என்று இரண்டு எழுத்தைப் போடு. எங்கள் முதலாளியம்மா ஆங்கில இலக்கணத்தை எனக்கு இவ்வளவுதான் சொல்லிக் கொடுத்தார். அவர் சீனர். எங்களிடம் மலாயில்தான் பேசுவார். சொல்லிவிட்டு ஒரு தாளை ஐஸ்பெட்டியின் கதவில் காந்தம் வைத்து ஒட்டினார். வாக், வாக்ட். வாஷ், வாஷ்ட். கிளீன், கிளீண்ட். தாள் முழுக்க அப்படியே போனது.

நான் வேலை செய்வது சிங்கப்பூர்ப் பாலத்துக்கு இந்தப் பக்கம், ஸ்கூடாயில், தாமான் என்கிற வீட்டுக் குடியிருப்பு ஒன்றின் கடைசி வீட்டில். இரண்டு மாடி வீட்டை முதியோர் இல்லமாக மாற்றியிருக்கிறார்கள். இருப்பவர்களில் பாதிக்கு மேல் சிங்கப்பூர்க்காரர்களின் அப்பா அம்மாக்கள். பிள்ளைகளால் பாலத்தைத் தாண்டி வாரா வாரம் வர முடியாது. அதனால் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வாட்ஸாப்பில் ஒரு குரூப் உண்டு. பெரியவர் காலையில் என்ன சாப்பிட்டார், குளித்தாரா, நடந்தாரா என்று கவனித்துக்கொள்பவர் தினமும் இல்லத்தின் கைப்பேசியில் ஆங்கிலத்தில் எழுதிப் போட வேண்டும். அதற்குப் பெயர் அப்டேட்.

நான் அதற்கு முன்பு செனாயில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இருந்தேன். நான் வேலை பார்த்த லைனையே வேறு நாட்டுக்குக் கொண்டு போய்விட்டார்கள். அதற்கு முந்தின வருஷம்தான் என் வீட்டுக்காரர் இறந்திருந்தார். வேலை இல்லாத அந்தச் சில மாதங்களில்தான் பகல் என்றால் என்ன என்று தெரிந்துகொண்டேன். சாயங்காலம் பரவாயில்லை. டிவி ஓடும், பிறகு தூங்கிவிடலாம். ஆனால் காலையில் எல்லாரும் வேலைக்குப் போன பிறகு அடுக்குமாடியில் ஒரு சத்தமும் இருக்காது. நாற்காலியில் உட்கார்ந்தால் அப்படியே இருப்பேன். அதைத் துக்கம் என்று சொல்ல மாட்டேன். அழுகை வரவில்லை. கால் மரத்துப் போனால் அது இன்னும் இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்போமே, அந்த மாதிரிதான் இருந்தது. மதியம் எப்போது போனது என்று தெரியாது.

அதனால் இந்த வேலை கிடைத்தபோது, இதை விடக்கூடாது என்று மட்டும் நினைத்துக்கொண்டேன். சம்பளம் தொழிற்சாலையில் வாங்கியதைவிடக் குறைவுதான். பகலுக்கு ஒரு இடம் இருந்தால் போதும் என்று இருந்தது. முதலாளியம்மா, "கொஞ்ச மாசம் பார்ப்பேன், சரியாக இருந்தால்தான் நிரந்தரம்" என்று சொல்லியே சேர்த்தார்.

பெரியவர்களைத் தூக்குவது, துடைப்பது, திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் எனக்கு வந்தது. எழுதத்தான் வரவில்லை. நான் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறு வரை படித்தேன். அப்புறம் மலாய்ப் பள்ளியில் மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு வரை. தமிழில் இறந்த காலம், நிகழ் காலம், எதிர் காலம் என்று மனப்பாடம் செய்தது ஞாபகம் இருக்கிறது. மலாயில் காலமே கிடையாது. சாப்பிடுவதும் மக்கான், சாப்பிட்டதும் மக்கான். முன்னால் சுடா என்று ஒரு வார்த்தை போட்டால் முடிந்தது. தொழிற்சாலை ஆங்கிலமும் அதே கணக்குதான். "செக் ஆல்ரெடி", "பேக் ஆல்ரெடி". அத்தனை வருஷம் அதற்கு மேல் யாரும் என்னிடம் கேட்டதில்லை.

இங்கே கேட்டார்கள். ஒரு சீனத் தாத்தாவின் குரூப்பில் "டேக் மெடிசின்" என்று எழுதிவிட்டேன். அவருடைய மகன் முதலாளியம்மாவைக் கூப்பிட்டு, அப்பா மருந்து சாப்பிட்டாரா, இனிமேல்தான் சாப்பிட வேண்டுமா, இல்லை என்னைக் கொண்டு வந்து கொடுக்கச் சொல்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார். அன்றைக்குத்தான் அந்தத் தாள் ஐஸ்பெட்டியில் ஏறியது. "இதைச் சரியாக எழுத வராவிட்டால் நான் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்வதுபோல் சொன்னார்.

சமையல்காரப் பெண் பெக்கான் நானாஸிலிருந்து தினமும் மோட்டார் சைக்கிளில் வருகிறவள். என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள், வாய் மட்டும் பெரியது. அவள் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"என்னக்கா, இனிமே சோத்துக்கு உப்பு போட்டாச்சா, ஈடி போட்டாச்சான்னு கேப்பாங்களா?"

"உனக்கென்ன. நீ எழுத வேண்டியதில்ல."

"நான் ஆக்குனது எல்லாம் ஈடிதான். பத்து மணிக்கே முடிஞ்சுபோவுது."

நான் அந்தத் தாளைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டு பேருந்தில் படித்தேன். ஒரு வார்த்தையை அடித்துச் சின்ன ஒலிபெருக்கிப் படத்தைத் தொட்டால் கைப்பேசியே அதைச் சொல்லிக் காட்டும். எழுதும்போது எல்லாவற்றுக்கும் அதே இரண்டு எழுத்து. சொல்லும்போது வேறு வேறு. வாஷ்ட் என்னும்போது கடைசியில் ட் அழுத்தமாக வருகிறது. கிளீண்ட் என்னும்போது மெத்தென்று விழுகிறது. வெயிட் என்றால்தான் வெயிட்டட் என்று முழுசாக ஒரு எட் கேட்கிறது. நான் எல்லாவற்றையும் வாஷெட், கிளீனெட் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். ஏன் மாறுகிறது என்று தாளில் இல்லை. யோசித்தால் தமிழிலும் அப்படித்தான். செய்தேன் என்கிறோம், போட்டேன் என்கிறோம், ஓடினேன் என்கிறோம். எது எங்கே வரும் என்று யாரும் எனக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. வாய் அதுவாகப் போய்விடுகிறது. ஆங்கிலத்தில் என் வாய் அதுவாக எங்கேயும் போகாது.

அந்தத் தாளுக்குப் பின்பக்கமும் இருந்தது. அங்கே இருந்தவை விதிக்கு அடங்காத வார்த்தைகள். ஈட் என்பது ஏட் ஆகிறது. ஸ்லீப் ஸ்லெப்ட் ஆகிறது. கோ என்பது வென்ட் ஆகிறது, அது என்ன உறவோ தெரியவில்லை. அந்தப் பக்கம் வந்தால் உடனே முன்பக்கத்துக்குத் திரும்பிவிடுவேன். தப்பாக எழுதினால் வேலை போகும். அதனால் ஒரு முடிவுக்கு வந்தேன். பின்பக்கத்து வார்த்தைகளைத் தொடுவதில்லை. சொன்ன பேச்சைக் கேட்டு ஈ, டி போட்டுக்கொள்கிற வார்த்தைகளை வைத்தே எல்லாவற்றையும் எழுதுவது.

சாப்பிட்டார் என்று எழுத ஏட் வேண்டாம். "ஃபினிஷ்ட் போரிட்ஜ்", கஞ்சியை முடித்தார். தூங்கினார் என்பதற்கு ஸ்லெப்ட் வேண்டாம், "ரெஸ்டட்", ஓய்வெடுத்தார். டாக்டர் கேம் என்று எழுதாமல் "டாக்டர் விசிட்டட்". முன்பக்கத்திலேயே சில அடங்காப்பிடாரிகள் இருந்தன. ஸ்டாப் என்றால் நடுவில் இன்னொரு பி போட வேண்டுமாம். கிரை என்றால் ஒரு எழுத்தை எடுத்துவிட்டு வேறு எழுத்து வைக்க வேண்டுமாம். அவற்றையும் விட்டுவிட்டேன். எத்தனையோ வாரம் என் அப்டேட்டுகளில் யாரும் அழவில்லை.

முதலாளியம்மா படித்துப் பார்த்து, "போலே லா" என்றார். பரவாயில்லை என்று அர்த்தம். நிரந்தரம் என்ற பேச்சை மட்டும் எடுக்கவில்லை.

என் பொறுப்பில் இருந்தவர்களில் ஒரு தமிழ் அம்மா. எண்பது வயதுக்கு மேல். இடுப்பு எலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனவர். சிங்கப்பூரில் மகனும் மகளும் இருக்கிறார்கள். மகன் குடும்பத்தோடு இருக்கிறார். மகள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஆபீஸில் பெரிய வேலை. ஆரம்பத்தில் மகள் மாதம் ஒரு முறை வந்தார். பிறகு பாலத்தில் ஜாம் என்றார், வேலை என்றார். ஒவ்வொரு முறையும் அடுத்த வாரம் வருகிறேன் என்று எழுதுவார். அந்த அம்மா அதைப் பற்றிப் புலம்ப மாட்டார். கிண்டல்தான் செய்வார்.

"என்னாம்மா எழுதுற என் மவளுக்கு?"

"நீங்க கஞ்சி குடிச்சீங்கன்னு எழுதுறேன்மா."

"நல்லா இருந்துச்சுன்னு எழுதிடாத. அப்புறம் இங்கயே விட்டுருவா."

எனக்கு அவரைப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். அந்தச் சமயத்தில் எனக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்பது தெளிவாகத் தெரியவில்லை. அவருடைய அறைக்குள் போனால் கொஞ்சம் மெதுவாகத்தான் வெளியே வருவேன், அவ்வளவுதான் சொல்ல முடியும்.

ஒரு வாரம் அந்த அம்மாவுக்கு வெளிக்குப் போகவில்லை. வயிறு கல் மாதிரி ஆகிவிட்டது. சாப்பாடு வேண்டாம் என்றார். ராத்திரியெல்லாம் முனகினார் என்று ராத்திரி ஷிப்டில் இருந்தவர் சொன்னார். டாக்டர் வந்து மருந்து கொடுத்தார். மற்ற வீடுகளுக்கு முதலாளியம்மா இதைச் சாதாரணமாக எழுதுவார். "பாஸ் மோஷன்" என்று அதற்கு இங்கே எல்லாரும் சொல்கிற ஆங்கிலம் இருக்கிறது. ஆனால் அந்தக் குரூப்பில் அவருடைய மகன் இருக்கிறார், மருமகள் இருக்கிறார், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். மோஷன் என்று அதில் அடிக்க எனக்குக் கை வரவில்லை. தமிழிலேயே நான் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டேன்.

அதனால் அந்த நாட்களில் நான் எழுதியது இப்படித்தான் இருந்தது. அம்மா கம்ப்ளெயிண்ட் ஸ்டமக், வயிறு சரியில்லை என்றார், அதிலும் ஈ, டி போட்டு. அம்மா ரெஃப்யூஸ்ட் ஃபுட், சாப்பாட்டை மறுத்தார். டாக்டர் விசிட்டட். மகள் ஒரு நாள், சீரியஸா என்று கேட்டு எழுதினார். "வீ வெயிட்டட்" என்று எழுதினேன். காத்திருந்தோம். சனிக்கிழமை வருகிறேன் என்று பதில் வந்தது.

சனிக்கிழமைக்கு முன்பே, புதன்கிழமை காலையில், பின்னால் வைக்கிற மருந்து வேலை செய்தது. அந்த அம்மா களைத்துப் போனார். ஆனால் முகம் தெளிந்துவிட்டது. "அப்பாடா, பொறந்து வந்த மாதிரி இருக்கு" என்றார். கழுவி, துணி மாற்றி, பவுடர் போட்டுப் படுக்க வைத்தேன். உடனே தூங்கிவிட்டார். எனக்கும் நிம்மதியாக இருந்தது. இவ்வளவு நாள் கவலையோடு கேட்டுக்கொண்டிருந்த மகளுக்கு முதல் வேலையாகச் சொல்ல வேண்டும் என்று கைப்பேசியை எடுத்தேன். தப்பு வரக்கூடாது என்று ஒவ்வொரு வார்த்தைக்கும் ஈ, டி சரிபார்த்தேன். மோஷன் என்ற வார்த்தையை மட்டும் விட்டுவிட்டேன். பாஸ்ட் என்றாலே புரியும் என்று நினைத்தேன்.

"அம்மா பாஸ்ட் திஸ் மார்னிங். ஷீ சஃபர்ட் அ லாட், பட் நவ் ஃபினிஷ்ட். வீ வாஷ்ட் ஹெர் அண்ட் சேஞ்ட் ஹெர் க்ளோத்ஸ். ஷீ லுக்ட் பீஸ்ஃபுல். ஷீ ரெஸ்டட்."

நான் எழுத நினைத்தது, அம்மா வெளிக்குப் போய்விட்டார், ரொம்பக் கஷ்டப்பட்டார், இப்போது கஷ்டம் தீர்ந்தது, கழுவித் துணி மாற்றினோம், முகம் நிம்மதியாக இருக்கிறது, தூங்குகிறார் என்பது. எழுதியதைப் படிக்கிறவர்களுக்கு அது, அம்மா இன்று காலை காலமானார், ரொம்பக் கஷ்டப்பட்டார், இப்போது எல்லாம் முடிந்தது, குளிப்பாட்டிப் புதுத்துணி மாற்றினோம், முகம் அமைதியாக இருந்தது என்று இருந்திருக்கிறது. பாஸ்ட் என்று தனியாக எழுதினால் செத்துப் போனார் என்று அர்த்தம் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.

சிறிது நேரத்தில் மகளிடமிருந்து பதில் வந்தது. தெரியப்படுத்தியதற்கு நன்றி, அம்மாவைப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி, வருகிறோம் என்று இருந்தது. வழக்கத்தைவிட மரியாதையாக இருக்கிறதே என்று நினைத்தேன். கைப்பேசியை ஆபீஸ் அறையில் சார்ஜில் போட்டுவிட்டு மற்றவர்களைக் குளிப்பாட்டப் போனேன். குளிப்பாட்டும்போது கைப்பேசி வைத்துக்கொள்ளக்கூடாது என்பது அங்கே விதி. முதலாளியம்மா சொந்தக்காரர் கல்யாணத்துக்கு மலாக்கா போயிருந்தார்.

வெயில் நன்றாக ஏறிய பிறகு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. சமையல்காரப் பெண் போய்ப் பார்த்தாள். நான் மாடியிலிருந்து துணிக் கூடையோடு இறங்கிக்கொண்டிருந்தேன். பேச்சு காதில் விழுந்தது.

"பாடி எங்கக்கா இருக்கு?"

"எந்த பாடி?"

"தமிழ் அம்மாவாம். இந்த அட்ரஸ்தான் குடுத்தாங்க. சிங்கப்பூர்லேருந்து மகன் போன் பண்ணாரு."

"தம்பி, இங்க இருக்கிற தமிழ் அம்மா இப்பத்தான் பிஸ்கட் கேட்டுச்சு."

"அப்ப வேற அம்மா இருக்கும்."

"வேற அம்மா இல்ல. வேணும்னா உள்ள வந்து கேட்டுட்டுத் தூக்கிட்டுப் போ."

அந்தத் தம்பி தலையைச் சொறிந்துகொண்டு வேனுக்குள் போய் உட்கார்ந்துகொண்டான். சமையல்காரப் பெண் உள்ளே வந்து என்னைப் பார்த்தாள். "அக்கா, காலையில என்ன எழுதுன?"

ஆபீஸ் அறையில் கைப்பேசி நிறைய அழைப்புகளைக் காட்டியது. மகன், மகன், முதலாளியம்மா, மகன். நான் எழுதியதை அவள் படித்தாள். அவள் நான்காம் படிவம் வரை படித்தவள், ஆங்கில நாடகங்கள் பார்ப்பவள். படித்துவிட்டு மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"பாஸ்டுன்னா செத்துட்டாங்கன்னு அர்த்தங்க்கா."

"வெளிக்குப் போனாங்கன்னு எழுதுனேன்."

"எங்க எழுதியிருக்க வெளிக்குன்னு?"

வேலை போய்விட்டது என்று மனதுக்குள் ஒரு வரி ஓடியது, அவ்வளவுதான். மகளைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. பாலத்தில் இருப்பார்கள். குரூப்பில் எழுத வேண்டும் என்று விரலை வைத்தபோது ஈ, டி எல்லாம் மறந்துவிட்டது. "அம்மா ஹியர். அம்மா ஈட் பிஸ்கட் நவ்" என்று தொழிற்சாலை ஆங்கிலத்தில் அடித்தேன். அதை யாரும் பார்க்கவில்லை.

அவர்கள் வந்தபோது மகள் வெள்ளைச் சுடிதார் போட்டிருந்தார். அவருடைய அண்ணன் வெள்ளைச் சட்டை. வாசலில் நின்ற நான் சொல்ல வாயெடுப்பதற்குள் மகள் என்னைத் தாண்டி அறைக்குப் போய்விட்டார். நான் பின்னால் ஓடினேன். அந்த அம்மா தலையணையில் சாய்ந்துகொண்டு பிஸ்கட்டை மைலோவில் நனைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"என்னாடி, வேல இல்லையா இன்னிக்கு?"

மகள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"வெள்ளையா போட்டிருக்க. பள்ளிக்கூடப் பிள்ள மாதிரி."

"லீவு போட்டேன்மா" என்றார் மகள். பிறகு என் பக்கம் திரும்பி, டாய்லெட் எங்கே என்று கேட்டார். கையைக் காட்டினேன். உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டார். நெடுநேரம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது.

அண்ணன் அறைக்குள் வரவில்லை. வாசலிலிருந்து தாயைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பி, காம்பவுண்டில் நின்று முதலாளியம்மாவிடம் கைப்பேசியில் கத்தினார். சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் சாவு சொல்லியாகிவிட்டது என்று கத்தினார். இறுதிச் சடங்குக்கு ஹால் புக் செய்தாகிவிட்டது என்று கத்தினார்.

"வெளிய என்ன சத்தம்?" என்றார் அந்த அம்மா.

"பார்க்கிங் சண்டைம்மா" என்றேன் நான்.

சாயங்காலம் முதலாளியம்மா கல்யாண உடுப்போடு வந்து சேர்ந்தார். அண்ணன் அதற்குள் வேன்காரனை அனுப்பிவிட்டுத் தானும் கிளம்பியிருந்தார். முதலாளியம்மா மகளிடம் பலமுறை மன்னிப்புக் கேட்டார். என்னை வைத்துக்கொண்டே ஆங்கிலத்தில் சொன்னார். இது உங்கள் தாயார் விஷயம், நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும், வேண்டாம் என்றால் இவளை நாளைக்கே அனுப்பிவிடுகிறேன். எனக்கு அவ்வளவு ஆங்கிலம் புரியும். மகள் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

"யோசிச்சு சொல்றேன்" என்றார் தமிழில், என்னிடம். முதலாளியம்மாவிடம் ஆங்கிலத்திலும் அதையே சொன்னார்.

அவர் அன்றைக்குத் திரும்பிப் போகவில்லை. ஸ்கூடாயிலேயே ஒரு ஹோட்டலில் அறை எடுத்துத் தங்கினார். மறுநாள் காலையில் வந்து அம்மாவைத் தானே குளிப்பாட்டுவதாகச் சொன்னார். நான் பக்கத்தில் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். அவருக்குப் பழக்கம் இல்லை.

"கோழி கழுவுற மாதிரி கழுவாதடி. மெதுவா."

"திரும்புங்கம்மா."

"நான் எங்க திரும்புறது, நீதான் திருப்பணும். அந்தப் பொண்ண பாரு, எப்படித் திருப்புதுன்னு."

மகள் என்னைப் பார்த்தார். நான் திருப்பிக் காட்டினேன். நேற்று செத்துப் போனார் என்று எழுதிய கையாலேயே திருப்புகிறேன் என்று தோன்றியது. அதுவும் வெறும் ஒரு வரியாகத்தான் வந்து போனது.

மதியம் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். மகள் வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார்.

"ஏங்க்கா அப்படி எழுதுனீங்க?"

நான் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் ஐஸ்பெட்டியிலிருந்து அந்தத் தாளை எடுத்து வந்து காட்டினேன். பின்பக்கம் பயமாக இருந்தது என்றும், முன்பக்கத்தை மட்டும் வைத்து எழுதினேன் என்றும் சொன்னேன். அந்த ஒரு வார்த்தையை எழுத வெட்கமாக இருந்தது என்றும் சொன்னேன். அவர் தாளை இரண்டு பக்கமும் படித்தார். பிறகு தன் கைப்பேசியில் என் செய்தியை எடுத்து மறுபடி படித்தார். சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து சிரித்தார்.

"இலக்கணத்துல ஒரு தப்பும் இல்ல" என்றார். "எல்லாத்துக்கும் ஈடி இருக்கு."

நான் ஒரு போர்வையை விரித்துக் கம்பியில் போட்டேன்.

"இது வந்தப்ப நான் மீட்டிங்ல இருந்தேங்க்கா. படிச்சேன். நன்றின்னு பதில் போட்டேன். போன கவுத்து வெச்சேன். மீட்டிங் முடியிற வரைக்கும் குறிப்பு எழுதிக்கிட்டு இருந்தேன். அப்புறமா எடுத்துப் பார்த்தா, எல்லாம் ஒழுங்கா எழுதியிருக்கேன். ஒரு பாய்ண்ட் விடல."

அவர் என்னைப் பார்க்காமல் துணிகளைப் பார்த்துச் சொன்னார். ஏதாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. எனக்குப் பேச வராது. இருந்தாலும் சொன்னேன்.

"எங்க வீட்டுக்காரர் போயிட்டாருன்னு நர்ஸ் வந்து சொன்னப்ப, நான் கைப்பையில பார்க்கிங் டிக்கெட்ட தேடிக்கிட்டு இருந்தேன். சரிங்க சரிங்கன்னுட்டு தேடிக்கிட்டே இருந்தேன்."

"கெடைச்சுதா?"

"கெடைச்சுது."

அவர் தலையாட்டினார். பக்கத்து வீட்டில் யாரோ காரைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

"ஆபீஸ்ல மூணு நாள் லீவு குடுத்துட்டாங்க" என்றார் பிறகு. "அம்மா செத்ததுக்குக் குடுக்குற லீவு. மலர் வளையம் எங்க அனுப்பணும்னு கேட்டு மெசேஜ் வந்துக்கிட்டே இருக்கு. இப்பப் போயி சாகலன்னு எப்படிச் சொல்றது?"

"என்ன செய்யப் போறீங்க?"

"லீவு முடியட்டும். அப்புறம் சொல்லிக்கலாம்."

அப்படியே அந்த லீவு முழுக்க அவர் அங்கேயே இருந்தார். அம்மாவுக்குக் கஞ்சி ஊட்டினார், திட்டு வாங்கினார். ஒரு நாள் சக்கர நாற்காலியில் வைத்துத் தாமான் முழுக்கத் தள்ளிக்கொண்டு போய் வந்தார். மத்தியானம் அம்மாவின் கட்டில் ஓரத்தில் தலை வைத்துத் தூங்கினார். என்னிடம் வேலை விஷயமாக ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சமையல்காரப் பெண்தான் ஒவ்வொரு நாளும் கேட்டாள்.

"ஏதாச்சும் சொன்னாங்களா?"

"இல்ல."

"போயி கேளேன்க்கா."

"என்னன்னு கேக்குறது?"

"இருக்கவா போகவான்னு கேளு. ஈடி போடாம கேளு."

கடைசி நாள் சாயங்காலம் மகள் பையைத் தூக்கிக்கொண்டு ஆபீஸ் அறைக்குப் போனார். நான் நடையில் ஒரு வாளியோடு நின்றுகொண்டிருந்தேன். வேண்டுமென்று நிற்கவில்லை, போகத் தோன்றவில்லை. கதவு திறந்திருந்தது.

"ஷீ ஸ்டேஸ்" என்று அவர் சொன்னது கேட்டது. இருக்கட்டும். அதன் பிறகு வேகமாகச் சில வார்த்தைகள். என் பெயர் அடிபட்டது. பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள்.

வெளியே வந்தவர் என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். முதலாளியம்மா என்னை உள்ளே கூப்பிட்டு மலாயில் சொன்னார். அடுத்த மாதத்திலிருந்து நீ நிரந்தரம். ஆனால் இனிமேல் நீ ஒன்றும் எழுத வேண்டாம். அந்தக் குடும்பத்துக்கு மட்டும் இல்லை, எந்தக் குடும்பத்துக்கும் வேண்டாம். போட்டோ எடுத்து அனுப்பு, போதும். சரி என்றேன். சந்தோஷப்பட வேண்டிய நேரம் என்று தெரிந்தது. சந்தோஷம் கொஞ்சம் தள்ளி, வேறு யாருக்கோ நடப்பதுபோல் நின்றது. வாளியை எடுத்துக்கொண்டு போய் மிச்ச வேலையைப் பார்த்தேன்.

மறுநாள் காலையில் அந்த அம்மாவைப் போட்டோ எடுப்பதற்காகத் தலை வாரிவிட்டேன். வாயோரம் இருந்த கஞ்சியைத் துடைத்தேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என்னையே பார்த்தார்.

"நான் செத்துட்டேன்னுதான வந்தா?"

சமையல்காரப் பெண் சொல்லியிருப்பாள். நான் கைப்பேசியை எடுத்தேன்.

"மூணு நாள் இருந்தா. எங்கூட இப்படி அவ இருந்து எத்தன வருசமாச்சுன்னு தெரியுமா?"

"இங்க பாருங்கம்மா. போட்டோ."

"அடுத்த மாசமும் அதையே எழுது."

"என்னை எழுத வேணாம்னுட்டாங்கம்மா. எழுதுனா வேல போயிரும்."

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு தலையணையில் நன்றாகச் சாய்ந்து, கண்ணை மூடி, இரண்டு கையையும் மார்பின் மேல் வைத்துக்கொண்டார்.

"அப்ப இப்படி எடு" என்றார்.

நான் அவருடைய கைகளை எடுத்துக் கீழே வைத்தேன். மறுபடி மார்பின் மேல் வைத்துக்கொண்டார். இந்த முறை நான் எடுத்துவிடவில்லை. கையில் கைப்பேசியோடு, அவர் கண்ணைத் திறக்கட்டும் என்று காத்துக்கொண்டு நின்றேன்.